எதுவும் ஒட்டாத அறை

ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லசிவம் இரண்டு முறை குளிப்பான். முதல் குளியல் உடம்புக்கு, இரண்டாவது மஞ்சளுக்கு. ஈரோட்டு மஞ்சள் குடோனில் வேலை பார்ப்பவன் மேலிருந்து அந்த வாசனை லேசில் போகாது. நகக்கண்ணில் தங்கும், காது மடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிரிசில்லா அக்காவின் மூக்குக்கு அது தப்பியதே இல்லை. மாடிப்படியிலேயே நிறுத்தி, சட்டைக் காலரை முகர்ந்து பார்த்து, "போ, இன்னொரு தடவ கழுவிட்டு வா" என்று அவனைத் திருப்பி அனுப்பிய வாரங்கள் உண்டு.

பிரிசில்லாவின் பல் கிளினிக்குக்கு மேலே இருந்தது அந்த அறை. சாம்பல் நிறச் சுவர், பலகை அடித்த ஜன்னல், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். அவ்வளவுதான். அங்கே டீ கிடையாது. பாட்டு கிடையாது. பிறந்தநாள் வாழ்த்து கிடையாது. ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதுகூடக் கிடையாது. கிளினிக் மூடியிருக்கும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வந்து, தடை செய்யப்பட்ட ஒரு புத்தகத்தை வாய்விட்டுப் படித்து, அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைந்துபோக வேண்டும்.

முதல் நாள் அவன் கேட்டே விட்டான். "ஏங்க்கா, கதை படிக்கிற எடம் இப்படியா இருக்கும்? பொணம் வைக்கிற ரூம் மாதிரி இருக்குதுங்க."

"அப்படித்தான் இருக்கணும்" என்றாள் பிரிசில்லா. "சோதனை எப்படி நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? தலையில ஒரு தொப்பி மாட்டுவாங்க. எதிர்ல திரையில வரி வரியா ஓடும். நீ வாயே திறக்க வேண்டாம். முன்னாடி படிச்ச வரி வந்துச்சுன்னா மூளை தன்னால துள்ளும். சந்தைக் கூட்டத்துல தெரிஞ்ச மூஞ்சியப் பார்த்தா துள்ளுமில்ல, அது மாதிரி. அதை யாராலயும் மறைக்க முடியாது."

"மாட்டிக்கிட்டா ஜெயிலுங்களா?"

"ஜெயிலெல்லாம் அந்தக் காலம். இப்ப நீக்கம். அந்தப் புத்தகத்த நினைச்சுக்கோன்னு சொல்வாங்க. நினைக்கறப்ப உள்ள எதெல்லாம் முழிச்சுக்குதோ, அத்தனையும் அழிச்சு விட்டுருவாங்க. அவங்களுக்கு அழிக்கத்தான் தெரியும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது. புத்தகம் எது, உன் வாழ்க்கை எதுன்னு பிரிக்க மாட்டாங்க."

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் குப்புராஜ் அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எங்க டிப்போவுல ஒருத்தன் இருந்தான் தம்பி. கல்யாணமான புதுசுல ஊட்டிக்குப் போயி, சம்சாரத்த மடியில படுக்க வெச்சுக்கிட்டு ஒரு புக்கப் படிச்சிருக்கான். பத்து வருசம் கழிச்சு மாட்டுனான். நீக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, சம்சாரத்தப் பார்த்து, 'உங்கள எங்கயோ பார்த்திருக்கேன்'ங்கறான்."

"ஐயோ! அந்தம்மா என்னங்க சொன்னாங்க?"

"'ஆளு மாறிப் போச்சு, அடுத்த வீடு'ன்னு சொல்லிக் கதவச் சாத்திருச்சு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "சிரிக்காதீங்க, ஒட்டும்" என்று பிரிசில்லா அதட்டினாள். அதட்டும்போது அவளுக்கும் உதடு துடித்தது.

அதுதான் அந்த வாசகர் வட்டத்தின் ஒரே சட்டம். புத்தகத்தோடு எதையும் ஒட்ட விடக் கூடாது. வாசனையை, ருசியை, பிடித்த முகத்தை, எதையும். நாளைக்கே அழித்தாலும் ஒரு புத்தகம் மட்டும்தான் போக வேண்டும்.

அந்த வருடம் அவர்கள் படித்தது 'கடிகாரக்காரரின் கழுதை' என்ற நாவல். எந்த மொழியிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. நகலெடுத்த தாள்கட்டில் மொழிபெயர்ப்பாளர் பெயர்மேல் மை பூசியிருந்தது. பனி பெய்யும் ஒரு சிறு நகரம். அதைப் பிடித்த படைத்தலைவன், மணி ஏழு அடித்தால் யாரும் வெளியே நடமாடக் கூடாது என்று உத்தரவு போடுகிறான். ஊர்க் கடிகாரக்காரர் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கடிகாரத்திலும் ஏழாவது மணியை மட்டும் அடிக்காமல் செய்துவிடுகிறார். ரொட்டி சுமக்கும் ஒரு கழுதைக்கு ஏழு மணி அடித்தால் நின்றுவிடும் பழக்கம். இப்போது ஏழு அடிக்கவே இல்லை. அது நிற்காமல் நடக்கிறது. ஊரைத் தாண்டி, காவல் சாவடியைத் தாண்டி, ரொட்டியோடு எல்லையைத் தாண்டி நடந்துகொண்டே இருக்கிறது.

"ஒரு கழுதை நடந்துச்சுன்னு எழுதுனதுக்குப் போயித் தடையா?" என்றார் குப்புராஜ்.

"ஊருக்கெல்லாம் ஒரே மணிதான்னு சொல்றவனுக்கு இதப் படிச்சா கோபம் வராதா?" என்றாள் பிரிசில்லா.

"அது நடக்கறது எனக்குப் பிடிச்சிருக்குதுங்க. ஆனா முதுகுல இருக்கற ரொட்டிய யாரு இறக்கி விடுவா?" என்றாள் கோகிலவாணி. தபால் நிலையத்தில் கவுண்ட்டரில் இருப்பவள். எப்போதும் கதையில் யாரும் பார்க்காத ஓரத்தைப் பார்த்துக் கேட்பாள். நல்லசிவம் பனியைக் கண்டதில்லை. சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைக் குவியலில் குளம்புத் தடம் தெரிகிறதா என்று பார்ப்பான்.

தாள்கட்டு அவன் பொறுப்பில் இருந்தது. அது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு ஞாயிறு, எல்லோரும் இறங்கிய பிறகு கோகிலவாணி படியிலேயே நின்றாள்.

"தம்பி, அந்தக் கட்ட ஒரு மாசத்துக்கு எனக்குக் குடுப்பீங்களா?"

"அக்கா... அது வெளிய போகக் கூடாதுங்களே."

"தெரியும் சாமி. எம் பொண்ணு நறுமுகைக்கு ரத்தத்துல நோவுன்னு ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன். முதுகுல ஊசி போட்டப்ப கத்துனா. கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ ஒரு கதை சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். கழுதைதான் வந்துச்சு. வேறெதுவும் வரல. இப்ப மீதியக் கேக்கறா. எனக்கு மறந்து மறந்து போகுது."

"வேற கதை சொல்லிப் பாருங்களேன்."

"சொன்னேன். செவுத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறா. பதினோரு வயசுப் புள்ளைங்க."

அவன் கொடுத்தான். பிரிசில்லாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள், அவள் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழித்துத் தாள்கட்டு ஒரு துண்டில் சுற்றித் திரும்பி வந்தது. நறுமுகை இறந்துபோயிருந்தாள். கோகிலவாணி அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். தன் முறை வந்தபோது தடுமாறாமல் படித்தாள். துண்டின் ஆஸ்பத்திரி வாசனை தாள்களில் ஏறியிருந்தது. பிரிசில்லா அதை முகர்ந்தாள், நல்லசிவத்தைப் பார்த்தாள்.

அரசு ஊழியர்களுக்குச் சோதனை குலுக்கல் முறையில் வரும். ஏழு மாதம் கழித்துக் கோகிலவாணியின் பெயர் வந்தது.

அன்று அறையில் யாரும் புத்தகத்தை எடுக்கவில்லை. எல்லோருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது. தொப்பியை மாட்டினால் கழுதை தெரியும். கழுதையைத் தொட்டால் நாற்பது நாளும் அதோடு வரும்.

"இன்னொரு வழி இருக்கு" என்றாள் பிரிசில்லா. "கூடப் படிச்சவங்க பேரச் சொன்னா எச்சரிக்கையோட விட்டுருவாங்க. எங்க பேரச் சொல்லிடு கோகிலா."

கோகிலவாணி மற்றவர்களைப் பார்த்தாள். நல்லசிவம், "சொல்லிடுங்கக்கா" என்றான்.

குப்புராஜ் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது தாயி. மன்னிச்சுக்க. எங்க வீட்டுக்காரி போன வருசம்தான் போனா. அப்பல்லாம் இந்த ரூமை விட்டு எறங்குனா நேரா அவளுக்கு மாத்திரை வாங்கத்தான் போவேன். எது எதோட ஒட்டிக் கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க எதுக்குண்ணா மன்னிப்புக் கேக்கறீங்க? ஒட்ட விட்டது நான். யார் பேரையும் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். பிறகு நல்லசிவத்தின் பக்கம் திரும்பினாள். "ஆனா தம்பி, சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்குது. நான் சொல்லச் சொல்ல நீங்க மனசுல வாங்கி வெச்சுக்குவீங்களா? எனக்கப்புறம் யாராச்சும் ஒருத்தருக்குத் தெரியணும்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், தபால் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் ஷெட்டில் அவள் சொன்னாள். காகிதத்தில் எழுதக் கூடாது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நறுமுகை குளுக்கோஸ் ஏற்றும் கம்பிக்குக் 'கழுதை' என்று பெயர் வைத்தது. அதை உருட்டிக்கொண்டு வார்டு முழுக்க நடந்து, ஒவ்வொரு கட்டிலாக நின்று, "உங்க வீட்ல மணி என்னங்க?" என்று கேட்டது. நர்ஸ் வந்து படுக்கச் சொன்னால், "ஏழு அடிக்கலியே, கழுதை நிக்காது" என்றது. கழுதை காவல் சாவடியைத் தாண்டிய இடத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தது. முடி கொட்டிய அன்று அழாமல், "பனி பெஞ்சுருச்சும்மா" என்று தலையணையைக் காட்டியது. கடைசி வாரம் பேச முடியாமல் போனபோது, அம்மா ஒரு பக்கத்தை முடித்ததும் விரலால் தாளைத் தட்டிப் புரட்டச் சொன்னது. அந்த விரல் தட்டாமல் நின்றபோது கோகிலவாணி இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் இருந்தாள். நிறுத்தாமல், பக்கத்தை அவளே புரட்டி, அத்தியாயம் முடியும்வரை படித்தாள்.

இதைச் சொன்னபோதும் அவள் அழவில்லை. "சரியா வாங்கிக்கிட்டீங்களா? எங்க, ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

நீக்கம் நடந்தது. அதற்குப் பிறகு தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்கப் போன நல்லசிவத்தை, வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பது போலத்தான் அவள் பார்த்தாள். "சில்லறையா இருந்தாக் குடுங்க" என்றாள்.

இரண்டு மாதம் அவன் எட்ட நின்றான். ஒரு நாள் பிரிசில்லா கூப்பிட்டாள். கோகிலவாணியோடு வேலை பார்ப்பவள் பல் பிடுங்க வந்தபோது சொன்னாளாம். கோகிலவாணி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். என் பிள்ளை சாகும்போது நான் எங்கே இருந்தேன்?

"பிள்ளைய ஆஸ்பத்திரில சேர்த்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் நேரா மாலை போட்ட படம்தான். நடுவுல ஒண்ணுமில்ல. விட்டுட்டு ஓடிட்டோமோன்னு நினைக்கறா" என்றாள் பிரிசில்லா. "நீ போய்ச் சொல்லு. ஆனா ஒண்ணு. தொண்ணூறாம் நாள் மறுசோதனை உண்டு. அதுல புத்தகம் திரும்பத் தென்பட்டா இந்த முறை வேரோட தோண்டுவாங்க. அதனால கழுதை வரக் கூடாது. கடிகாரக்காரர் வரக் கூடாது. ஒரு வரி வரக் கூடாது. பிள்ளைய மட்டும் சொல்லு."

குடோனில் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி அவன் அந்த நாற்பது நாளையும் ஒவ்வொன்றாக எடுத்தான். கழுதையை எடுத்துவிட்டால் மூன்றாம் நாளில் ஒரு ஊசி மட்டும் மிஞ்சியது. பனியை எடுத்துவிட்டால் பன்னிரண்டாம் நாளில் தலையணையில் முடி மட்டும் கிடந்தது. விரல் எதைத் தட்டியது? அதையும் எடுத்தான். மாலை ஷிப்ட் மணி அடித்தபோது அவன் கையில் இருந்தது கஞ்சி, திரைச்சீலை, காய்ச்சல். மொழிபெயர்ப்பாளர் பெயர்மேல் மை பூசியவனும் இப்படித்தான் ஒரு மேசையில் உட்கார்ந்து, நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று நினைத்திருப்பானோ என்று தோன்றியது.

கோகிலவாணி வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போனான். "பக்கத்துக் கட்டில்ல எங்கம்மா இருந்தாங்க. நான் துணைக்கு இருந்தேனுங்க" என்றான்.

அவள் கதவை விரியத் திறந்தாள். "அப்ப நீங்க பார்த்திருப்பீங்க. நான் அங்க இருந்தேனுங்களா? எல்லாரும் இருந்தேன்னுதான் சொல்றாங்க. பார்த்தவங்க யாருமில்ல. சமாதானத்துக்குச் சொல்றாங்களோன்னு..."

"இருந்தீங்க. ஒரு நாள்கூட நகரலீங்க."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் சொல்லத் தொடங்கினான். ஊசி, கஞ்சி, காய்ச்சல். அவள் ஒவ்வொன்றையும் பசித்தவள் போல வாங்கிக்கொண்டாள். "அப்ப அந்தம்மா அழுதாங்களா?" என்று தன்னைப் பற்றியே கேட்டாள். பிறகு அவன், "வார்டே திரும்பிப் பார்க்கற மாதிரி ஒரு நாள் பாப்பா சிரிச்சுதுங்க" என்று சொல்லிவிட்டான். அந்தச் சிரிப்பை விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை.

"எதுக்குச் சிரிச்சா?"

"அது... ஒரு பூனை உள்ள வந்துருச்சுங்க."

அவள் முகம் மாறியது. "என் புள்ளைக்குப் பூனைன்னா உசுரே போயிரும். ஏழு வயசுல கையில கடிச்சுது. சன்னல்ல பூனை நின்னாக்கூடப் போர்வைக்குள்ள போயிருவா." சற்று நேரம் அவனையே பார்த்தாள். "நீங்க நல்லவரு மாதிரிதான் தெரியுது. ஆனா எங்கெங்கயோ பக்கத்தக் கிழிச்சுட்டுக் குடுக்கறீங்க. முழுசா இருக்கறதச் சொல்லுங்க."

அதற்குமேல் மறைக்க அவனால் முடியவில்லை. கதையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான். வாசகர் வட்டம், தாள்கட்டு, அவன் கொடுத்தது. மறுசோதனை பற்றியும், வேரோடு தோண்டுவது பற்றியும் சொன்னான். "கழுதையச் சொன்னா இருபத்தேழு நாள்தானுங்க இருக்கும். அப்புறம் இப்ப இருக்கறதும் போயிரும். ஆஸ்பத்திரிக்கு முன்னாடி இருக்கறதும்."

அவள் புடவை முனையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். வெளியே தண்ணீர் லாரி நின்று, குடங்கள் நிறைந்து, போயும்விட்டது.

"அவ எதுக்குச் சிரிச்சான்னு தெரியாம நான் எண்பது வயசு வரைக்கும் இருந்து என்ன பண்ண?" என்றாள். "சொல்லுங்க."

அந்த இருபத்தேழு நாளில் நான்கு ஞாயிறுகள் வந்தன. கோகிலவாணி தன் பழைய நாற்காலியில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, புதியவளாக வந்து உட்கார்ந்தாள். பிரிசில்லா முதல் முறையாக ஜன்னல் பலகையைப் பெயர்த்தாள். "எப்படியும் ஒட்டிருச்சு, ஒழுங்கா ஒட்டட்டும்" என்று ஒரு பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுவந்தாள். குப்புராஜ் சூடாகப் பருப்பு வடை வாங்கி வந்தார். நல்லசிவம் ஒரே ஒரு முறை குளித்துவிட்டு வந்தான். கோகிலவாணி நாவலை மகளுக்குப் படித்த மாதிரியே படிக்க வேண்டும் என்றாள். எந்த இடத்தில் நறுமுகை சிரித்தாள், எந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் அங்கே நிறுத்தினாள், அங்கே மறுபடி படித்தாள். குப்புராஜ் கழுதை போலக் கத்திக் காட்டினார். கோகிலவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் அவளே தாளை மெல்லப் புரட்டினாள். அத்தியாயம் முடிந்ததும், "அப்ப நான் நல்லாத்தான் அனுப்பி வெச்சிருக்கேன்" என்றாள்.

இருபத்தேழாம் நாள் மறுசோதனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். யார் பெயரும் வெளியே வரவில்லை.

நல்லசிவம் ஆறு மாதம் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. ஏழாம் மாதம் போனான். ஏன் போகிறோம் என்று தெரியாமலேயே படியேறினான்.

அவள் சற்று உடம்பு போட்டிருந்தாள். முகத்தில் கலக்கம் இல்லை. சுவரில் நறுமுகையின் படம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளிர்ந்த அடையாளம் மட்டும் தெரிந்தது. நீக்கம் செய்தவர்கள் சொல்லி அவள் கூடப்பிறந்த அண்ணன் எடுத்துப்போயிருக்க வேண்டும். அவன் ஒரு பார்சலைப் பற்றி ஏதோ கேட்க வந்தவன் போல ஆரம்பித்தான். அவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் வாய் தன்னையறியாமல் ஒரு பெண்குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

"நறுமுகைன்னு பேருங்க" என்றான். அவள் கண்ணில் எதுவும் துள்ளவில்லை.

"நல்ல பேரு" என்றாள்.

கழுதையை விட்டுவிட்டு, பனியை விட்டுவிட்டுச் சொன்னான். "ஒரு நாள் வார்டே திரும்பிப் பார்க்கற மாதிரி சிரிச்சுதுங்க" என்று சொல்லி நிறுத்தினான். காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. எதற்குச் சிரித்தாள் என்று அவள் கேட்கவே இல்லை. பரிவோடு தலையை ஆட்டி, அடுத்ததைச் சொல்லட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் அழுதான்.

அவள் பதறி, கொடியில் கிடந்த துண்டை உருவி அவன் கையில் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றவர்களுக்கு அருகே உட்காரத் தெரிந்தவள் போல, அவசரப்படாமல், அவன் அடங்கும்வரை இருந்தாள்.

"உங்க புள்ளைங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றான் நல்லசிவம்.